மூடி வைத்தால் தூங்கும்

ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம் ஆடுகிறவர்கள் தங்கள் பெருமையை மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். இது அறுபது மணி நேரம் ஓடும், அது நூற்றிருபது ஓடும், நான் இருநூறு வரை போனேன். கேட்பவருக்கு நம்மேல் இருக்கும் மரியாதை அந்த இடத்திலேயே இறங்கிவிடும். நூற்றிருபது மணி நேரம் இருந்தால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிடலாம் என்பது என் அத்தையின் கணக்கு. அத்தை சொல்வதில் தப்பில்லை. ஆனால் மணி நேரத்திலும் ரகம் இருக்கிறது. டிவிக்கு முன்னால் சோபாவில் சாய்ந்து ஆடுவது ஒரு ரகம். கையில் பிடித்து ஆடும் குட்டிக் கருவியில் சேரும் நேரம் வேறு ரகம். பஸ்ஸில் பதினேழு நிமிடம், ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிடம், கரண்ட் போன இரவில் ஒரு முக்கால் மணி என்று சில்லறையாகச் சேர்வது அது. எந்த நொடியிலும் யாராவது கூப்பிடுவார்கள் என்று தெரிந்தே ஆடுவது.

இந்தச் சில்லறை நேரத்துக்குள் ஒரு பெரிய கதையை எப்படி அடைப்பது என்ற யோசனை ஜப்பானில் ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிட்டது. நின்டெண்டோவின் கேம் பாய் 1989 ஏப்ரலில் வந்தது. நாலு பென்சில் செல், பச்சை கலந்த நாலே நாலு சாயல் காட்டும் திரை, பின்னால் விளக்குகூடக் கிடையாது. அதே வருடம் டிசம்பரில் ஸ்கொயர் நிறுவனம் அதற்கு ஒரு ரோல் பிளேயிங் கேம் கொண்டுவந்துவிட்டது. அகிதோஷி கவாஸு வடிவமைத்த ‘சாகா’. வெளிநாட்டில் ‘ஃபைனல் ஃபேன்டஸி லெஜண்ட்’ என்று பெயர் மாற்றி விற்றார்கள். நரிட்டாவில் விமானம் ஏறி ஹொனலூலுவில் இறங்குவதற்குள் ஆடி முடிக்கிற நீளம் போதும் என்று திட்டம் போட்டுச் செய்தார்களாம். கதையின் நீளத்துக்கு ஒரு பயணத்தை அளவுகோலாக வைத்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் ஊரில் யாராவது செய்தால் பாண்டியன் எக்ஸ்பிரஸை அளவாக வைக்கலாம். அந்த ஆட்டத்தின் முடிவில், கோபுரத்தின் உச்சியில், படைத்தவனோடேயே சண்டை. நிரலில் இருந்த ஒரு பிழையால், மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தை எடுத்தால் கடவுள் ஒரே அடியில் காலியாகிவிடுவார். முப்பது வருடம் தாண்டியும் ரசிகர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்கு இதெல்லாம் அந்தந்தக் காலத்தில் கிடைத்ததில்லை. எங்கள் தெருவில் ‘வீடியோ கேம்’ என்றால் திருவிழாக் கடையில் தொங்கும் நீளமான பிளாஸ்டிக் டப்பாதான். ஆயிரக்கணக்கான கேம் இருப்பதாக மேலே போட்டிருக்கும், உள்ளே இருப்பது டெட்ரிஸும் அதன் பங்காளிகளும். போக்கிமானை டிவி கார்ட்டூனாகத்தான் தெரியும். அது 1996இல் கேம் பாய் விளையாட்டாகப் பிறந்தது, அதை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர், இரண்டு கேம் பாய்களை ஒயரால் இணைத்து ஒருவர் பிடித்ததை இன்னொருவருக்குக் கொடுப்பதுதான் அதன் உயிரே என்பதெல்லாம் கல்லூரிக் காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியம்மா மகன் புதுக் கருவி வாங்கியபோது தன் பழைய நின்டெண்டோ டிஎஸ் லைட்டை என்னிடம் தள்ளிவிட்டான். கூடவே ஒரு ஜிப் பையில் நாலு கார்ட்ரிட்ஜ். ஒவ்வொன்றும் தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. “இதுல ரெண்டு நான் தொட்டதே இல்ல, வெறும் எழுத்தா ஓடுது” என்றான் அண்ணன். எழுத்தாக ஓடுகிறவைதான் எனக்கு வேண்டியிருந்தன.

டிஎஸ்ஸைப் பார்க்காதவர்களுக்காக: மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை, முகப்பவுடர் டப்பா மாதிரி மூடித் திறக்கலாம். கீழ்த்திரையில் சின்னக் குச்சியால் எழுதலாம். மூடினால் கருவி தூங்கிவிடும். ஓரத்தில் இருக்கும் பச்சை விளக்கு மட்டும் மூச்சு விடுவதுபோல மெல்ல ஏறி மெல்ல இறங்கும். திறந்தால் விட்ட இடம் அப்படியே இருக்கும். சண்டைக்கு நடுவில் மூடினால் சண்டைக்கு நடுவிலேயே விழிக்கும். கேட்க அற்பமாக இருக்கலாம். எனக்கு இந்தக் கீல்தான் மொத்தக் கண்டுபிடிப்பு.

இந்தக் கருவிக்குக் கதை எழுதியவர்களில் நல்லவர்கள், ஆடுகிறவர் பாதியில் எழுந்து போவார் என்பதைக் குறையாக நினைக்காமல் ஆட்டத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். 2007இல் வந்த ‘தி வேர்ல்ட் எண்ட்ஸ் வித் யூ’ என்ற விளையாட்டு டோக்கியோவின் ஷிபுயா தெருக்களில் நடக்கிறது. அதில் கருவியை அணைத்து வைத்திருக்கும் நேரத்துக்கும் அனுபவப் புள்ளி உண்டு, ஏழு நாள் வரைக்கும். போய் வேற வேலையைப் பாரு, கூலி போட்டு வைக்கிறேன் என்று சொல்லும் விளையாட்டு. இன்றைய போன் கேம்கள் செய்வது நேர் எதிர். ஒரு நாள் வரவில்லை என்றால் அழுது நோட்டிபிகேஷன் அனுப்பும். 2009இல் ‘டிராகன் குவெஸ்ட் 9’ இன்னொன்று செய்தது. மூடிய கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால், எதிரில் அதே விளையாட்டோடு வருகிறவரின் கருவியோடு அது தானாகவே பேசிப் புதையல் வரைபடத்தை மாற்றிக்கொள்ளும். அகிஹாபராவில் இதற்காகவே ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். நிறைய அனுபவப் புள்ளி தரும் உலோக ஸ்லைம்களாகவே நிறைந்த ஒரு தளம் இருக்கும் வரைபடம் ஒன்று, முதலில் கண்டெடுத்தவரின் பெயராலேயே ‘மசயுகியின் வரைபடம்’ என்று கை மாறிக் கை மாறிப் பரவியது. முகம் தெரியாத ஒரு மசயுகி, ஊரெல்லாம் சட்டைப் பைகளில்.

என்னிடம் இருந்தது ஐந்தாவது டிராகன் குவெஸ்ட். யூஜி ஹொரி எழுதியது. 1992இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்து, 2008இல் டிஎஸ்ஸுக்கு மறுபடி செய்யப்பட்டது. உருவங்களை வரைந்தவர் டிராகன் பால் அகிரா தொரியாமா. அதனால் எல்லாப் பாத்திரங்களுக்கும் தலைமுடி எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கும். கார்ட்ரிட்ஜ் என்னிடம் வருடக்கணக்காகக் கிடந்தது. இரண்டு தடவை ஆரம்பித்து, ஆபீஸ் சேர்ந்த வேகத்தில் விட்டுவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். மதுரையில் நாங்கள் போகும் இடத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் ஸ்டூல் போட்டு உட்காரலாம். குழாயில் ரத்தம் ஓடுவதை அப்பாவால் பார்க்க முடியாது. கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர் டீக்கடையில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். எனக்குச் சாயங்கால ஷிஃப்ட் வேலை. அதனால் ஸ்டூல் என்னுடையது.

முதல் இரண்டு வாரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் வருவது எதுவும் நாலு மணி நேரத்தைத் தாங்காது. ஒரு மணி நேரத்துக்குமேல் கண்தான் ஓடும், மனசு மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாவது வாரம் டிஎஸ்ஸை எடுத்துப் போனேன். வார்டு என்பதால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். கொயிச்சி சுகியாமாவின் இசை ஒரு சுரம்கூடக் காதில் விழாமல் முழு டிராகன் குவெஸ்டையும் முடித்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இதில் சண்டை முறை வைத்து நடக்கும். நீங்கள் ஒரு கட்டளை, எதிரி ஒரு அடி. ‘அடி’, ‘மந்திரம்’, ‘தற்காப்பு’ என்று பட்டியல் நிற்கும். தேர்ந்தெடுக்கும்வரை உலகத்தில் ஒன்றுமே நடக்காது. இப்போது ஆடுகிற பலருக்கு இது பழைய பஞ்சாங்கம். ஸ்டூலில் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். மெஷின் கத்தும். சிஸ்டர் ஓடி வருவார். அம்மாவுக்கு பிரஷர் இறங்கியிருக்கும், காலைத் தூக்கி வைப்பார்கள், மெஷினில் எதையோ திருகுவார்கள், நான் டப்பாவை மூடிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நிற்பேன். அரைமணி கழித்து அம்மா முகத்தில் நிறம் திரும்பியதும் உட்கார்ந்து திறந்தால், மூன்று பூதங்களும் வரிசையாக, என் கட்டளைக்காக நின்றுகொண்டிருக்கும். அத்தனை பொறுமையான எதிரிகளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

“என்னடி அது, டொக்கு டொக்குனு” என்று அம்மா கேட்டது அப்படி ஒரு நாள்தான். விளையாட்டு என்றேன். என்ன விளையாட்டு என்றாள். ஒரு கதை என்றேன். “கதைன்னா சொல்லு. நீ மட்டும் என்ன படிச்சுக்கிட்டு.”

அப்படித்தான் டிராகன் குவெஸ்ட் எங்கள் வார்டில் தமிழ்க் கதையானது. அம்மா திரையைப் பார்க்கவே மாட்டாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அது எறும்பு ஊர்கிற மாதிரி. நான் ஆடிக்கொண்டே சொல்லிக்கொண்டு போவேன். ஒரு குழந்தை பிறக்கிறது. அம்மா இல்லை. அப்பா அந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார், எதையோ தேடி. அப்பா பெயர் பேங்க்ராஸ். அம்மா வாயில் அவர் பங்காரு ஆனார். கூட விளையாடும் பியாங்கா, பிரியங்கா. வீட்டோடு இருக்கும் குண்டு வேலைக்காரர் சாஞ்சோ, சஞ்சீவி. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் ஜப்பானியப் பெயர்களை ஏற்கெனவே ஒரு சுற்று மாற்றியிருக்கிறார்கள். அம்மா செய்தது இரண்டாவது சுற்று. யூஜி ஹொரிக்கு ஆட்சேபம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

பங்காரு சாகும் இடத்தைச் சொன்ன அன்று வார்டில் ஏசி வேலை செய்யவில்லை. கடத்தப்பட்ட இளவரசனை மீட்கப் போன இடத்தில், ராட்சசன் ஒருவன் சின்னப் பையனின் கழுத்தில் அரிவாளை வைத்துக்கொண்டு நிற்பான். அப்பா கை ஓங்கினால் பையன் காலி. பேங்க்ராஸ் ஆயுதத்தை இறக்கிவிட்டு நிற்கிறார். இரண்டு அடியாட்கள் மாறி மாறி அடிக்கிறார்கள். அதுவரை நீங்கள் பார்த்ததிலேயே பலசாலி அவர். ஒவ்வொரு சண்டையிலும் உங்கள் காயத்தை அவர்தான் ஆற்றியிருப்பார். இப்போது உங்கள் கையில் எந்தக் கட்டளையும் இல்லை. விழும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி வரும், படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையான பட்டியல் திரையில் இல்லாமல் போகும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

“பொண்டாட்டியத் தேடித்தான அந்த மனுசன் அலைஞ்சாரு?” என்றாள் அம்மா.

“ஆமா.”

“பையன்கிட்ட அதச் சொன்னாரா?”

“சாகுறப்ப சொன்னாரு. உங்கம்மா இன்னும் உயிரோடதான் இருக்கான்னு.”

“அதச் சொல்ல இவ்வளவு நேரமா? எல்லா ஊர் ஆம்பளயும் ஒரே மாதிரிதான்.”

பிறகு திரை கறுக்கிறது. பத்து வருடம் போய்விடுகிறது. பையன் அடிமையாகக் கல் சுமந்து வளர்ந்திருக்கிறான். தப்பிக்கிறான். சின்ன வயதில் அவனும் பியாங்காவும் இரண்டு பயல்களிடமிருந்து மீட்ட புலிக்குட்டி, இப்போது ஒரு கிராமத்துக்கு வெளியே பெரிய மிருகமாகித் திரிகிறது. கொல்லச் சொல்லி ஊரார் அனுப்புகிறார்கள். பியாங்கா அந்தக் காலத்தில் கொடுத்த ரிப்பனை எடுத்துக் காட்டினால் அது மோந்து பார்த்துவிட்டு அடங்கிவிடும். நீங்கள் அதை அழைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தால், மிருகத்தோடு கூட்டு வைத்தவன் என்று நினைத்துக் காசைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அதை மறுத்துப் பேசுகிற கட்டளையும் பட்டியலில் கிடையாது. இந்தக் கதை இப்படிச் சின்னச் சின்ன அவமானங்களைத் துடைக்காமலேயே விட்டுவிட்டு நடக்கும். அதனால்தான் எனக்கு இதன்மேல் நம்பிக்கை வந்தது.

அடுத்தது கல்யாணம். ஜப்பானில் இந்த விஷயம் முப்பது வருடமாக முடியாத பட்டிமன்றம். ஒரு பணக்காரர் தன் மகள் நீராவுக்கு மாப்பிள்ளை தேடுகிறார், இரண்டு மோதிரம் கொண்டுவா என்கிறார். தேடிப் போகும் வழியில் பியாங்காவை மறுபடி பார்க்கிறான். அவள் அம்மா இறந்துவிட்டாள். நோயாளி அப்பாவைப் பார்த்துக்கொண்டு மலையூரில் இருக்கிறாள். இரண்டாவது மோதிரத்தை எடுக்க அவளே கூட வருகிறாள். கடைசியில் ஒரு ராத்திரி முழுக்க ஊருக்குள் நடந்துவிட்டு, விடிந்ததும் யாரைக் கட்டுவது என்று நீங்கள் சொல்ல வேண்டும். டிஎஸ்ஸில் நீராவின் அக்கா டெபோராவையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் வார்டில் அவள் பெயர் ஒரு நிமிடத்துக்குமேல் அடிபடவில்லை.

நான் நீரா பக்கம். அவளுக்குப் பெரிய வெடி மந்திரங்கள் வரும், மாமனார் வீட்டு உதவியும் உண்டு. விளையாட்டுக் கணக்குப்படி அதுதான் புத்திசாலித்தனம். அம்மாவிடம் கேட்டேன். அவள் உடனே சொல்லவில்லை. அன்று இரண்டு லிட்டருக்குமேல் நீர் எடுக்க வேண்டியிருந்தது, களைப்பாக இருந்தாள்.

“அந்தப் பிரியங்கா அப்பாவுக்கு என்ன சீக்கு?”

“அதெல்லாம் சொல்லல. இருமிக்கிட்டே படுத்திருக்காரு.”

“வேற யாரு இருக்கா அவருக்கு?”

“யாருமில்ல.”

“அவர் என்ன சொல்றாரு?”

தன் மகளைக் கட்டிக்கொண்டால் நிம்மதியாக இருப்பேன் என்று அவன் காதில் போட்டு வைக்கிறார் என்றேன். அம்மா மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அப்ப அவளையே கட்டச் சொல்லு. சீக்காளி பக்கத்துலயே உக்காந்திருந்தா அவ எப்ப வாழுறது? அந்த ஆளுக்கு ஊர்ல யாராச்சும் கஞ்சி ஊத்துவாங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “உனக்குப் பாக்க முடியல, இவனுக்காவது பாக்குறேன்” என்று சிரித்தாள். நான் ஏ பட்டனை அழுத்தினேன். கேட்டதற்குப் பதிலாக வேறெதையும் பேசிவிடக் கூடாது என்று பயமாக இருந்தது. திரையில் சர்ச் மணி ஆடியது. சத்தம் இல்லை.

அந்த விளையாட்டின் நடுப்பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. எந்த நாவலிலும் அதற்கு இணையாக நான் படித்ததில்லை என்று சொன்னால் மிகையாகத் தெரியும், பரவாயில்லை. இரட்டைக் குழந்தைகள் பிறந்ததுமே மனைவியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மீட்கப் போனவனையும் அவளையும் கல்லாக்கிவிடுகிறான் அதே ராட்சசன். சிலைகளை ஏலம் விடுகிறார்கள். அவனை ஒரு பணக்காரர் வாங்கி, புதிதாகப் பிறந்த தன் மகனுக்குக் காவலாக இருக்கட்டும் என்று தோட்டத்தில் நிறுத்துகிறார். பிறகு பருவம் மாறுகிறது. பனி விழுகிறது, பூ பூக்கிறது. அந்த வீட்டுக் குழந்தை தவழ்ந்து, நடந்து, ஓடிச் சிலையைச் சுற்றி விளையாடுகிறது. ஒரு நாள் அதையும் பூதங்கள் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. காவல் காக்காத சிலை என்று அப்பன்காரன் ஆத்திரத்தில் அதைத் தள்ளிவிடுகிறான். நீங்கள்தான் அந்தச் சிலை. கருவி உங்கள் கையில், பட்டனெல்லாம் விரலுக்கடியில், எதுவும் வேலை செய்யாது. எட்டு வருடம்.

“அகலிகை” என்றாள் அம்மா. “அவ கல்லா நிக்கிறப்ப காது கேட்டுச்சான்னு எங்க தமிழ் டீச்சர்கிட்ட கேட்டு அடி வாங்கினேன்.” புதுமைப்பித்தனின் அகலிகை சீதையின் தீக்குளிப்பைக் கேள்விப்பட்டு மறுபடி கல்லாகிவிடுகிறாள் என்று சொன்னேன். அம்மாவுக்கு அந்தக் கதை தெரியாது. கேட்டுவிட்டு, “நல்லா வேணும் அந்த ராமனுக்கு” என்றாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு ரிட்டையர்டு சார், ஏழெட்டு மாதமாக எங்களோடு ஒரு வார்த்தை பேசாதவர், அன்று தலையைத் திருப்பி, “அந்தப் பையனுக்குக் காது கேட்டுச்சாம்மா?” என்றார். கேட்டிருக்கும் சார், நாம பாத்துக்கிட்டே இருந்தோம்ல என்றேன். அன்றைக்கிருந்து அவரும் சபை.

அவனைக் கல்லிலிருந்து மீட்க வருவது அவன் பிள்ளைகள். அப்பாவைத் தேடி, வயசான சஞ்சீவியோடு. புராணத்து வீரன் ஒருவனால்தான் அரக்கனை வெல்ல முடியும் என்று முதலிலிருந்து சொல்லிவந்தார்களே, அது அவனில்லை, அவன் மகன். வீரனின் வாளை இத்தனை வருடமாகத் தூக்கிச் சுமந்தவனால் அதை ஏந்த முடியாது, பிள்ளை ஏந்துகிறான். நூறு ஜப்பானிய விளையாட்டில் நீங்கள்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இதில் நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவனின் அப்பா.

பிறகு தேவதைகளின் கோட்டையில் ஓர் ஓவியம் வழியாகத் தன் சின்ன வயது ஊருக்கே போகிறான். அங்கே சின்னப் பையனாகத் தன்னையே சந்தித்து, அவன் வைத்திருக்கும் தங்க உருண்டையைப் பார்க்கக் கேட்டு வாங்கி, போலியை மாற்றிக் கொடுத்துவிட்டு, என்ன நடந்தாலும் தைரியத்தை விடாதே என்கிறான். ஆட்டத்தின் முதல் இரண்டு மணி நேரத்தில் ஊதாத் தலைப்பாகை கட்டிய அந்நியன் ஒருவன் வந்து அதே வார்த்தையைச் சொல்லியிருப்பான். நீங்கள் யாரோ வழிப்போக்கன் என்று மறந்திருப்பீர்கள். உள்ளே போனால் பேங்க்ராஸ் உயிரோடு நிற்கிறார். போகாதீங்க என்று எச்சரித்துப் பார்க்கலாம். அவர் கிளம்பத்தான் செய்வார். ரிட்டையர்டு சார் இதற்கு ரொம்ப வருத்தப்பட்டார்.

முடிவை நான் வீட்டில், ராத்திரி, தனியாக ஆடி முடித்தேன். அடுத்த நாள் வார்டில் அம்மா ஊசி குத்தி முடித்ததும் கேட்டாள்.

“அம்மா கெடச்சாளா அவனுக்கு?”

“கெடச்சா.”

“எவ்வளவு நேரம்?”

அதை அவள் எப்படி ஊகித்தாள் என்று தெரியவில்லை. முழு விளையாட்டும் தேடிய அந்த மடலேனா, பாதாள உலகத்தின் உச்சியில் நின்று மகனைப் பார்த்த சில வரிகளுக்குள் கொல்லப்படுகிறாள். பேங்க்ராஸின் ஆவி வந்து அவளை அழைத்துப் போகிறது. பட்டனை வேகமாக அழுத்துகிறவர்களுக்கு ஒரு நிமிடம்கூட இருக்காது.

“கொஞ்ச நேரம்தான்” என்றேன்.

“பேரப்பிள்ளைகளப் பாத்தாளா?”

“கூடத்தான் நின்னாங்க ரெண்டு பேரும்.”

“அப்பச் சரி” என்றாள். பிறகு ஐஸ் கட்டி இருக்கிறதா என்று சிஸ்டரிடம் கேட்கச் சொன்னாள். அவளுக்குத் தண்ணீர் அளவுதான். ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கினால் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

‘மதர் 3’ பற்றியும் எழுத ஆசைதான். 2006இல் ஷிகெசதோ இதோய் எழுதி ஜப்பானிய மொழியில் மட்டும் வந்தது. நிறுவனம் இங்கிலீஷில் கொண்டுவரவில்லை என்பதால் ரசிகர்களே கூடி மொழிபெயர்த்து 2008இல் இலவசமாகக் கொடுத்தார்கள். அதன் முதல் அத்தியாயத்திலேயே ஒரு தாய் சாகிறாள். மழை நின்ற ராத்திரியில், தீ மூட்டி உட்கார்ந்திருக்கும் கணவனிடம் ஒரு நண்பர் வந்து, நல்ல செய்தி ஒன்று, கெட்ட செய்தி ஒன்று என்று ஆரம்பிக்கும் இடம் வரை போனேன். அதை நான் வார்டுக்கு எடுத்துப் போகவில்லை. வீட்டிலும் மூடித்தான் இருக்கிறது. அவசரமில்லை.

ஜிப் பையில் அண்ணன் தொடாத இன்னொரு கார்ட்ரிட்ஜ் ‘எட்ரியன் ஒடிசி’. அட்லஸ் நிறுவனம் 2007இல் செய்தது. கதை என்று பெரிதாக இல்லை. ஒரு மாபெரும் மரத்தின் வேருக்குக் கீழே தளம் தளமாக இறங்கும் காடு. மேல்த்திரையில் காடு. கீழ்த்திரையில் வெறும் கட்டம் போட்ட தாள். வரைபடத்தை நீங்களே குச்சியால் வரைந்துகொண்டு போக வேண்டும், சுவர் எங்கே, கதவு எங்கே என்று. கதை இல்லை என்றதும் அம்மா முகம் சுண்டிப்போனது. கட்டத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடு என்றாள்.

ஊசி ஏறியிருப்பது இடது கையில், அதை அசைக்கக் கூடாது. வலது கை சும்மாதானே இருக்கிறது. மார்கழி முழுக்க வாசலை அடைத்துப் புள்ளிக்கோலம் போட்ட கை அது. நான் டப்பாவை அவள் வயிற்றின்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பேன், அவள் குச்சியால் சுவர் இழுப்பாள். நான் வரைந்து வைத்திருந்த முதல் தளத்தைப் பார்த்து, “என்னடி இது, கோழி கிண்டுன மாதிரி” என்று அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். கதவுக்கு ஒரு அடையாளம், மூலிகை பறிக்கும் இடத்துக்கு ஒரு அடையாளம். சார் தன் கட்டிலிலிருந்து, இன்னைக்கு எந்த மாடி என்று கேட்டுக்கொள்வார். முப்பது தளம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த விளையாட்டில் சில பெரிய மிருகங்கள் வரைபடத்திலேயே ஆரஞ்சு உருண்டையாகத் தெரியும். நம் ஆட்களைவிடப் பலமடங்கு பலம். மோதினால் தீர்ந்தது. நாம் ஒரு அடி வைத்தால் அவையும் ஒரு அடி வைக்கும். போன வியாழக்கிழமை மூன்றாவது தளத்தில், ஒரு சந்துக்குள் போய் மாட்டிக்கொண்டோம். ஒன்று நேர் எதிரில், இரண்டு கட்டம் தள்ளி. பின்னால் சுவர்.

“நாம காலெடுத்து வச்சாத்தான் அதுவும் வைக்குமா?” என்றாள் அம்மா.

“ஆமா.”

“அப்பச் சும்மா நில்லு.”

நின்றோம். சிஸ்டர் வந்து பிரஷர் பார்த்துவிட்டு, நூற்றிப் பத்து, நல்லா இருக்கு என்று எழுதிக்கொண்டு போனார்.